ஒற்றை இதழைப் பிடித்துக்கொண்டு பெருங்கதைக்குள் நுழைவது எப்படி?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கும். எனாமல் தூக்கு, பர்மா தேக்குத் தூண், ரவி வர்மா படம், பித்தளைப் பூட்டு என்று தேடுகிறவர்களுக்கு நடுவில் நான் காகிதம் தேடுகிற ஆள். போன கோடை லீவில் அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஒரு கடையில் எனாமல் தட்டுகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க நடுவில் காகிதம் செருகி வைத்திருந்தார்கள். அந்தக் காகிதங்களில் ஒன்று ஆங்கிலக் காமிக்ஸ். 'தி அமேசிங் ஸ்பைடர்மேன்', எண் 532. அட்டையில் ஸ்பைடர்மேன் பெயரோடு 'சிவில் வார்' என்று இன்னொரு பெயரும் இருந்தது. கடைக்காரர் அதற்குக் காசே வாங்கவில்லை. தட்டு வாங்கினால் சும்மா தருகிறேன் என்றார். தட்டு வாங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் பையன் திண்ணையில் குப்புறப் படுத்து ஒரே மூச்சில் படித்து முடித்தான். அப்புறம் புத்தகத்தைத் தூக்கிப்பிடித்து உதறிப் பார்த்தான். "மாமா, இதுல பாதிக் கதையக் காணோம்."

இந்த வழிகாட்டி அவனுக்காக எழுத ஆரம்பித்தது. பல ஹீரோக்களின் இதழ்களுக்குள் பரவி ஓடுகிற ஒரு பெரிய கதையின் (கிராஸ்ஓவர்), அதோடு ஒட்டி வருகிற ஒற்றை இதழ் (டை-இன்) உங்கள் கையில் அகப்பட்டால் அதை எங்கிருந்து பிடிப்பது, எவ்வளவு தூரம் துரத்துவது, எங்கே விட்டுவிடுவது என்பதெல்லாம் கீழே. சிவில் வார் கதையை உடைத்துத்தான் சொல்லப்போகிறேன். 2006இல் வந்த கதை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், பக்கம் உண்மையிலேயே கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள்

பழைய காகிதக் கட்டில் வந்த புத்தகம் என்றால் இது கட்டாயம். நடுப்பக்கத்தைத் திறந்து இரண்டு ஸ்டேப்பிள் பின்னும் இருக்கிறதா பாருங்கள். இந்த மாத இதழ்கள் தாளை நடுவில் மடித்துப் பின் அடித்தவை. ஒரு பக்கம் போனால் அதன் மறுபாதியும் தளர்ந்து கையோடு வந்துவிடும். ஸ்பைடர்மேனை வெளியிடும் மார்வெல் நிறுவனத்தின் அந்தக் காலகட்டத்து இதழில் கதை சுமார் 22 பக்கம், மிச்சமெல்லாம் விளம்பரம். எண்ணிப் பாருங்கள். நாங்கள் எண்ணினோம், எல்லாம் சரியாக இருந்தது. காணாமல் போன பாதிக்கதை வேறு புத்தகங்களில் இருக்கிறது.

இந்த ஏமாற்றம் தமிழ் வாசகனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வலிக்கும். சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. 1984இல் லயன் வந்தது. அந்தப் புத்தகங்களைப் படித்து வளர்ந்த எங்களுக்கு ஒரு புத்தகம் என்றால் பெரும்பாலும் ஒரு முழுக்கதை. மாயாவி மின்சாரக் கம்பியைத் தொட்டு மறைவார், வில்லனைப் பிடிப்பார், கதை முடிந்தது. லயனின் ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் இல்லை, இவர் வேறு) வந்து மாயாவியோடு மோதி, அதன் மிச்சத்தை நாலு வேறு புத்தகத்தில் தேடு என்று யாரும் எங்களை அலையவிட்டதில்லை.

ஆனால் வாரப் பத்திரிகைத் தொடர்கதை நமக்குப் பழக்கம். என் அப்பத்தா தொடர்கதைப் பக்கங்களை வாராவாரம் கத்தரித்துச் சேர்த்து, பைண்டு போட்டு வைத்திருந்தார். அதில் மூன்று வாரம் விட்டுப்போயிருக்கும். அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாளைச் செருகி, பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்ட கதையை நாலு வரியில் பென்சிலில் எழுதி வைத்திருப்பார். இந்த வழிகாட்டியின் முக்கால்வாசி அந்த வெள்ளைத் தாள்தான்.

அட்டையில் இருக்கும் இரண்டு பெயரையும் பிரித்துப் படியுங்கள்

டை-இன் இதழின் அட்டையில் பெரும்பாலும் இரண்டு பெயர் இருக்கும். ஒன்று அந்த இதழின் சொந்தப் பெயர், இன்னொன்று பெருங்கதையின் பெயர். எண் யாருடையது என்பதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். 532 என்பது அமேசிங் ஸ்பைடர்மேனின் எண். சிவில் வாருக்கு 532 பாகம் கிடையாது, மொத்தமே 7 பாகம்தான். பையன் இதைக் கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்டான்.

சந்தேகம் வந்தால் உள்ளே பொடி எழுத்தில் இருக்கும் பதிப்பு விவரத்தைப் பாருங்கள். தலைப்பு, எண், மாதம், ஆண்டு எல்லாம் அங்கே இருக்கும். அட்டையைவிட அதுதான் நம்பகமானது. ஆனால் அந்த மாதத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் காமிக்ஸ் இதழ் கடைக்கு வருகிற மாதத்துக்குச் சுமார் இரண்டு மாதம் தள்ளித்தான் தேதி போடுவார்கள். ஜூலை 2006 என்று போட்ட சிவில் வார் முதல் பாகம் மே மாதமே விற்பனைக்கு வந்துவிட்டது. நம் ஊர் தீபாவளி மலர் தீபாவளிக்கு முன்பே வருவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது யார் வீட்டு அறை என்று கண்டுபிடியுங்கள்

கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டுக்குள் போயிருக்கிறீர்களா? முகப்பைத் தாண்டினால் நடுவில் வானம் தெரிகிற முற்றம், அதைச் சுற்றித் தூண் வைத்த வளவு. வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி, அவர்களுக்குத் தனி அடுப்பு, தனிக் கணக்கு. வீடு ஒன்று, வாசல் ஒன்று, ஆனால் வரவு செலவு வேறு. கல்யாணம், அறுபதாம் ஆண்டுச் சாந்தி, பங்காளிச் சண்டை போன்ற பெரிய காரியமெல்லாம் வளவில் நடக்கும். அதற்கு முந்தின இரவு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது வளவுக்குத் தெரியாது.

மார்வெலும் இப்படித்தான் கட்டிய வீடு. அமேசிங் ஸ்பைடர்மேன் ஒரு புள்ளி, அயர்ன் மேன் ஒரு புள்ளி, கேப்டன் அமெரிக்கா ஒரு புள்ளி. மாதாமாதம் தனித்தனியாகச் சமைத்துக்கொண்டிருப்பார்கள். அவரவர்க்கு எழுத்தாளர் வேறு, ஓவியர் வேறு. எப்போதாவது எல்லோரையும் வளவுக்கு இழுக்கிற ஒரு காரியம் வரும். அதுதான் ஈவன்ட். வளவில் நடப்பதைச் சொல்வது முதன்மைத் தொடர். சிவில் வாரின் 7 பாகங்களை எழுதியவர் மார்க் மில்லர், வரைந்தவர் ஸ்டீவ் மெக்நிவன். அதே நேரத்தில் ஒவ்வோர் அறைக்குள்ளும் நடப்பதைச் சொல்பவை டை-இன் இதழ்கள். எங்களுக்குக் கிடைத்தது ஸ்பைடர்மேன் அறை. அதை எழுதியவர் ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி, வரைந்தவர் ரான் கார்னி.

இது புரிந்துவிட்டால் மீதி எளிது. ஒரு டை-இன்னைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. நான் யார் அறையில் நிற்கிறேன்? கதவு வளவுப் பக்கம் எப்போது திறக்கிறது?

கூகுளுக்குப் போவதற்கு முன்னால் ஒரு தாளை எடுங்கள்

உடனே இணையத்தில் தேடினால் மொத்தக் கதையும் முகத்தில் வந்து விழும், கையில் இருக்கும் இதழ் செத்துப்போகும். அதனால் முதலில் இதழை இரண்டாவது முறை படித்து, புரியாததை மட்டும் எழுதுங்கள். பையன் எழுதியது இது:

ஸ்பைடர்மேன் ஏன் சிவப்பும் தங்க நிறமுமாக வேறு டிரெஸ் போட்டிருக்கிறான்? ஏன் அயர்ன் மேன் வீட்டில் குடும்பத்தோடு இருக்கிறான்? டோனி ஸ்டார்க் (அயர்ன் மேனின் நிஜப் பெயர்) ஏன் முகமூடியைக் கழற்றச் சொல்கிறார்? எங்கே குண்டு வெடித்தது? கழற்றினானா இல்லையா?

ஐந்து கேள்வி. பத்துக்கு மேல் போனால் நீங்கள் கதையின் நடுக்கடலில் இருக்கிறீர்கள், வேறு இதழிலிருந்து தொடங்குவது நல்லது. ஐந்து ஆறு என்றால் இந்த இதழே நல்ல வாசல்.

எழுதிய பிறகு இதழுக்குள்ளேயே பதில் தேடுங்கள். பல மார்வெல் இதழ்களில் தொடக்கத்தில் 'இதுவரை நடந்தது' என்று ஒரு பத்தி இருக்கும், அதைத்தான் எல்லோரும் தாண்டிப் போவார்கள். வசனத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால் கட்டத்தின் ஓரத்தில் ஆசிரியர் குறிப்பு இருக்கிறதா பாருங்கள்: இந்தச் சம்பவம் இன்ன இதழில் என்று சொல்லியிருப்பார்கள். உடை மாற்றமும் ஒரு தேதிக் குறிப்புதான். அந்தச் சிவப்பு, தங்க நிற உடை டோனி ஸ்டார்க் செய்து கொடுத்தது. 529ஆம் இதழில்தான் பீட்டர், அதாவது ஸ்பைடர்மேன், அதைப் போட ஆரம்பிக்கிறான். ஆக, அந்த உடையைப் பார்த்தால் கதை 529க்குப் பிறகு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பீட்டர் குடும்பத்தின் சொந்த வீடு முன்பே எரிந்துபோனது. அதனால்தான் டோனியின் கோபுரத்தில் குடியிருக்கிறார்கள். உடையும் அவர் கொடுத்தது, கூரையும் அவர் கொடுத்தது. அப்படிப்பட்டவர் ஒன்று கேட்டால் எப்படி மறுப்பது என்பதுதான் 532ஆம் இதழின் சங்கடம். ஒண்டுக்குடித்தனம் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இப்போது வளவுக்குப் போங்கள்

முதன்மைத் தொடரைக் கையில் எடுக்க வேண்டிய இடம் இது. சுருக்கம் சொல்கிறேன். கனெக்டிகட் மாநிலத்தில் ஸ்டாம்ஃபோர்டு என்ற ஊர். டி.வி. நிகழ்ச்சிக்காகச் சாகசம் செய்கிற நியூ வாரியர்ஸ் என்ற இளவட்டக் குழு, தங்கள் சக்திக்கு மீறின வில்லன்களோடு மோதுகிறது. அதில் நைட்ரோ என்பவன் தன்னையே வெடிக்கச் செய்கிறவன். பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் வெடிக்கிறான், 600க்கும் மேற்பட்டோர் சாகிறார்கள். முகமூடி போட்டவர்கள் எல்லோரும் அரசிடம் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வருகிறது. அயர்ன் மேன் சட்டத்தின் பக்கம், கேப்டன் அமெரிக்கா எதிர்ப்பக்கம். பங்காளிகள் இரண்டாகப் பிரிகிறார்கள். இரண்டாம் பாகத்தின் கடைசியில் ஸ்பைடர்மேன் பத்திரிகையாளர்களுக்கு முன்னால் முகமூடியைக் கழற்றித் தன் பெயரைச் சொல்கிறான்.

வளவில் அது ஒரே ஒரு காட்சி. ஃப்ளாஷ் மின்னுகிறது, முகமூடி கீழே வருகிறது, பாகம் முடிகிறது. அறைக்குள் வாருங்கள். 532இல் அதற்கு முந்தின பேச்சு இருக்கிறது. டோனி கேட்கிறார், பீட்டர் திகைக்கிறான், மனைவி மேரி ஜேனிடமும் தன்னை வளர்த்த மே-யிடமும் வந்து உட்கார்ந்து கேட்கிறான். இத்தனை வருடம் இந்தப் பெண்கள் உயிரோடு இருப்பதற்காகத்தான் அந்த முகமூடி. இப்போது அவர்களிடமே அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. அவர்கள் அவனைத் தடுக்கவில்லை. முகமூடி, மாளிகை, மந்திரி எல்லாம் தள்ளி, மூன்று பேர் உட்கார்ந்து பேசுகிற அந்தப் பக்கங்களுக்காகவே டை-இன் என்கிற வியாபாரத்தை நான் மன்னித்துவிட்டேன்.

இடையில் ஒரு உறவுமுறைக் கணக்கு. தமிழில் பேசும்போது எல்லோரும் 'மே அத்தை' என்கிறோம். ஆங்கிலத்து 'ஆன்ட்'டை அப்படியே எடுத்துக்கொண்டது. மே-யின் கணவர் பென் பார்க்கர் பீட்டருடைய அப்பாவின் அண்ணன். அப்படிப் பார்த்தால் பென் பெரியப்பா, மே பெரியம்மா. வளர்த்தது பெரியம்மா என்றால் கதையின் கனமே நமக்கு வேறு மாதிரி இறங்குகிறது. நான் பையனுக்குப் பெரியம்மா என்றே சொல்லிக் கொடுத்தேன்.

படிக்கும் வரிசை

அடுத்து 533 வாங்கினால் போதுமா என்றான். போதாது, நடுவில் வளவுக்கு ஒருமுறை போய்வர வேண்டும். ஸ்பைடர்மேன் அறையை மட்டும் துரத்துகிறவர்களுக்கு வரிசை இப்படி: சிவில் வார் 1, அப்புறம் ஸ்பைடர்மேன் 532, அப்புறம் சிவில் வார் 2, அதன் பின் 533. மூன்றாம் பாகத்துக்குப் பிறகு 534, நான்காம் பாகத்துக்குப் பிறகு 535. அதில்தான் பீட்டர் பதிய மறுத்தவர்களை அடைத்த டோனியின் சிறைச்சாலையை நேரில் பார்த்து மனம் மாற ஆரம்பிக்கிறான். 535, 536 இரண்டிலும் நடக்கிற பிரிவை முதன்மைத் தொடரின் ஐந்தாம் பாகம் தன் பக்கத்திலிருந்து காட்டுகிறது. அங்கே கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஒன்றும் குடிமுழுகாது. பிறகு 6, 537, 7, கடைசியாக 538.

ஒரே காட்சி இரண்டு புத்தகத்தில் வரும்போது வசனம் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரே பாகப்பிரிவினையைப் பெரியவர் சொன்னால் ஒரு மாதிரி, சின்னவர் சொன்னால் ஒரு மாதிரி.

வரிசை விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை: வெளிவந்த வரிசையும் நடந்த வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இதற்குச் சரியான உதாரணம் பழைய 'சீக்ரெட் வார்ஸ்', 1984-85இல் 12 பாகமாக வந்தது. ஹீரோக்கள் எல்லோரும் வேறு கிரகத்துக்கு இழுத்துப் போகப்படுகிறார்கள். முதன்மைத் தொடர் அந்தக் கதையைச் சொல்லி முடிக்க ஒரு வருடம் எடுத்துக்கொண்டது. ஆனால் அவரவர் சொந்த இதழில் அடுத்த மாதமே திரும்பி வந்துவிட்டார்கள்! மே 1984 தேதியிட்ட 252ஆம் இதழில் ஸ்பைடர்மேன் கறுப்பு உடையோடு வந்து நிற்கிறான். அது எங்கிருந்து வந்தது என்று சீக்ரெட் வார்ஸ் சொன்னது எட்டாம் பாகத்தில், டிசம்பர் 1984 தேதியில். ஏழு மாதம் வாசகர்களைக் காயப்போட்டார்கள். அந்த உடைதான் பிறகு வெனம் என்ற வில்லனாக மாறியது. இந்த மாதிரிக் கதையில் வெளிவந்த வரிசையிலேயே படிப்பதுதான் ருசி. பதிலை முதலில் படித்துவிட்டுக் கேள்விக்கு வருவதில் என்ன இருக்கிறது?

சிவில் வாரில் வேறு மாதிரிச் சிக்கல். நான்காம் பாகம் தாமதமானதும் அதை நம்பியிருந்த டை-இன் இதழ்களையும் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. வளவில் காரியம் நடப்பதற்கு முன்னால் அறைக்குள்ளிருந்து முடிவைச் சொல்லிவிடக் கூடாது அல்லவா.

எந்த டை-இன்னை விடலாம்?

இங்கேதான் பணம் போகும், அதனால் கறாராகச் சொல்கிறேன். டை-இன்களில் மூன்று ரகம் உண்டு.

ஒன்று, இரட்டைப் பிறவி. ஸ்பைடர்மேன் 532 முதல் 538 வரை அந்த ரகம். இவை இல்லாமல் முதன்மைத் தொடரைப் படித்தால் பீட்டர் கட்சி மாறியது அவசரப்பட்டதாகத் தெரியும். கட்டாயம் படியுங்கள்.

இரண்டாவது, வளவில் விட்டுப்போன நூலை எடுத்துப் போகிறவை. எல்லோரும் சட்டத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, வெடித்த நைட்ரோ எங்கே என்று யாராவது கேட்க வேண்டாமா? வுல்வரின் என்ற ஹீரோ கேட்டான். அவனுடைய இதழில் 42 முதல் 48 வரை அந்தத் தேடல். 'ஃப்ரன்ட் லைன்' என்று 11 பாகத்தில் தனித் தொடரும் வந்தது. பென் யூரிக், சாலி ஃபிளாய்டு என்ற இரண்டு பத்திரிகையாளர்களின் கண்ணால் அதே சண்டையைப் பார்ப்பது. பிடித்தால் படியுங்கள், படிக்காவிட்டாலும் கதை நிற்காது. எனக்கு வுல்வரின் பிடித்தது. ஃப்ரன்ட் லைன் முதல் பாதி நன்றாகவே போனது, பின்பாதியில் அறிவுரை ஜாஸ்தி.

மூன்றாவது ரகம் பெயருக்கு வந்து மொய் எழுதிவிட்டுப் போகிறவர்கள். இதற்கு ஆங்கில வாசகர்கள் வைத்த பெயர் 'சிவப்பு வானம்'. மார்வெலின் போட்டி நிறுவனமான டி.சி. 1985-86இல் 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' என்று 12 பாகக் கதை போட்டபோது, உலகம் அழியும் அடையாளமாக வானம் சிவக்கும். பல இதழ்களின் பங்களிப்பு அவ்வளவுதான்: ஹீரோ ஜன்னல் வழியாகப் பார்த்து 'வானம் ஏன் சிவந்திருக்கிறது' என்பார், பிறகு தன் வேலையைப் பார்க்கப் போவார். அட்டையில் மட்டும் பெரிதாக ஈவன்ட் பெயர். கடையில் நின்றபடியே கண்டுபிடிக்க ஒரு வழி: நடுப்பக்கத்தையும் கடைசி மூன்று பக்கத்தையும் புரட்டுங்கள். வளவின் காரியம் இரண்டு இடத்திலும் தலைகாட்டவில்லை என்றால் அது சிவப்பு வானம். வைத்துவிட்டு வாருங்கள்.

என் கணக்கு எளிது: முதன்மைத் தொடர் முழுவதும், கூட ஓர் அறை. சுற்றியுள்ள எல்லா அறையையும் எட்டிப் பார்க்கப் போனால் சாப்பாட்டுப் பந்தி முடிந்துவிடும்.

எப்படி வாங்குவது

தனி இதழாகத் தேடாதீர்கள். அது சேகரிப்பவர்கள் வேலை. 'சிவில் வார்' என்ற பெயரில் 7 பாகமும் ஒரே தொகுப்பாகக் கிடைக்கும். 'சிவில் வார்: அமேசிங் ஸ்பைடர்மேன்' என்ற தொகுப்பில் 532 முதல் 538 வரை இருக்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே சொன்ன வரிசையில் மாறி மாறிப் படிக்கலாம். உடை வந்த கதையும் வேண்டும் என்றால் 529 முதல் 531 வரை 'தி ரோடு டு சிவில் வார்' தொகுப்பில் உள்ளது. ஆன்லைனில் வாங்கும்போது தலைப்பை மட்டும் பார்த்து ஆர்டர் போடாதீர்கள். எந்தெந்த எண் உள்ளே இருக்கிறது என்று விவரத்தில் படியுங்கள். 'சிவில் வார் 2' என்று 2016இல் வேறு கதை ஒன்று வந்தது. அதை இரண்டாம் பாகம் என்று நினைத்து வாங்கி நான் ஏமாந்திருக்கிறேன். காகிதம் வேண்டாம் என்றால் மார்வெல் அன்லிமிடெட் செயலியில் சந்தா கட்டிப் படிக்கலாம்.

படம் பார்த்தவர்களுக்கு ஒரு வார்த்தை

2016இல் வந்த கேப்டன் அமெரிக்கா படத்தை மனதில் வைத்துக்கொண்டு இதற்குள் வராதீர்கள். பெயரும் இரண்டு அணியும்தான் பொது. படத்தில் சண்டை, ஹீரோக்களை ஐ.நா.வின் கட்டுப்பாட்டில் கொண்டுவருகிற சொக்கோவியா ஒப்பந்தத்தைப் பற்றி. காமிக்ஸில் ஸ்டாம்ஃபோர்டு, பதிவுச் சட்டம். படத்தில் ஸ்பைடர்மேன் டோனி கூப்பிட்டு விமான நிலையத்துச் சண்டைக்கு வருகிற சின்னப் பையன். முகமூடியை ஊருக்கு முன்னால் கழற்றுவதே இல்லை. காமிக்ஸில் கதையின் பாதி பாரம் அவன் தலையில்.

எங்கே நிறுத்துவது

நிறுத்த மாட்டார்கள், நாம்தான் நிறுத்த வேண்டும். சிவில் வார் ஏழாம் பாகத்தில் கேப்டன் அமெரிக்கா சரணடைகிறார். அவருடைய சொந்த இதழின் 25ஆம் எண்ணில் நீதிமன்றப் படிக்கட்டில் சுடப்படுகிறார். 538இன் முடிவில், முகம் தெரிந்துபோனதால் பீட்டரைத் தேடி வந்த குண்டு பெரியம்மா மேல் பாய்கிறது. 532இல் அறைக்குள் கேட்ட கேள்விக்கு 538இல் பதில் வந்துவிட்டது. என்னைக் கேட்டால் அங்கே நிறுத்துங்கள். பிறகு 'ஒன் மோர் டே' என்று ஒரு கதை, அதில் பெரியம்மா உயிரைக் காப்பாற்ற மெஃபிஸ்டோ என்ற பிசாசிடம் பீட்டரும் மேரி ஜேனும் தங்கள் கல்யாணத்தையே விட்டுக்கொடுக்கிறார்கள், ஊரே முகத்தை மறந்துவிடுகிறது. அவ்வளவு கஷ்டப்பட்டுக் கழற்றிய முகமூடியை இவ்வளவு சுலபமாகத் திரும்ப மாட்டிவிட்டார்களே என்று இன்னும் எனக்கு ஆற்றாமை.

இதழைப் பத்திரமாக வைக்க

லாமினேஷன் போடாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். இரண்டும் காகிதத்துக்கு எமன். சரியான அளவு பிளாஸ்டிக் உறையில், பின்னால் ஓர் அட்டை வைத்து, வெயில் படாத இடத்தில் நிமிர்த்தியோ படுக்கவைத்தோ வையுங்கள். நம் ஊர் வெயிலில் ஜன்னலோரம் ஒரு கோடை இருந்தால் சிவப்பு மை வெளுத்து ரோஸ் ஆகிவிடும். பரணில் போட்டால் பூச்சி அரிக்கும்.

ஒற்றை இதழை என்ன செய்வது என்று தூக்கிப் போடவும் வேண்டாம். காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் இருந்தார். புத்தகத்தோடு அழைப்பிதழ், நோட்டீஸ் என்று மற்றவர்கள் குப்பை என்று நினைத்ததையும் சேர்த்துவைத்தவர். 1992இல் அவர் காலமான பிறகு அந்தச் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதை வைத்துத்தான் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் 1994இல் அமைந்தது. எனாமல் தட்டுக்கு நடுவில் கிடந்த காமிக்ஸை நான் விடாததற்கு அவரும் ஒரு காரணம்.

பையன் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் இரண்டு தொகுப்பையும் முடித்துவிட்டான். அப்புறம் உறையிலிருந்து அந்த 532ஐ எடுத்து, மூன்று பேரும் உட்கார்ந்து பேசுகிற பக்கத்தை மட்டும் திரும்பப் படித்தான்.

"மாமா, பெரியம்மா வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம் என்றேன். அவன் ஒரு வெள்ளைத் தாளில் ஏதோ எழுதி அந்தப் பக்கத்தில் செருகினான். என்ன எழுதினான் என்று காட்டவில்லை.